ஜோசியருக்கு லீவு

மாலை வகுப்பில் இந்தப் பருவத்துக்கு எங்களுக்குக் கொடுத்த வேலை இது: உங்களைச் சுற்றியிருப்பவர்கள் தினமும் திட்டிக்கொண்டே பயன்படுத்தும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, திட்டாமல் பயன்படுத்தும்படி மாற்றி வடிவமைக்க வேண்டும். என் பக்கத்து இருக்கைக்காரர் பேருந்து நிலையத்துச் சீட்டு இயந்திரத்தை எடுத்துக்கொண்டார். பின்வரிசையில் ஒருவர் தன் மாமியார் வீட்டு வாசல் பூட்டை எடுத்துக்கொண்டார். நான் எதையும் எடுக்கவில்லை. எதை எடுத்தாலும் இதைவிட நல்லது ஒன்று இருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். துணிக்கடையிலும் நான் அப்படித்தான்.

வகுப்பு இல்லாத ஒரு சாயங்காலம், சாப்பாட்டு மேஜையில் அந்தப் பொருள் தானாகவே மணியடித்தது.

நான் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். அக்கா, அத்தான், அவர்களுடைய குட்டிப்பெண், நான். அக்காவுக்கு அடுத்த குழந்தை பிறக்க ஒரு மாதம்கூட இல்லை. அத்தான் வேலை செய்யும் கம்பெனியில்தான் நானும் வேலை செய்கிறேன். அவர் மென்பொருள் எழுதுகிறவர். நான், அவர் எழுதியதை அழுத்திப் பார்த்து, உடைகிறதா என்று சோதிக்கிறவள்.

அத்தான் ஒரு கையில் கவளத்தோடு போனைக் காதில் வைத்தார்.

“சொல்லு. ம்... அதுக்கு மேல என்ன வரி இருக்கு? அது எப்பவும் வர்றது, விடு. அடுத்தது? அதுவும் எப்பவும் வர்றதுதான், விடு. அதுக்கும் மேல போ...”

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியை வைக்கும் சத்தத்திலேயே என்ன வரப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

“இவ பொறந்தப்பவும் உங்க அத்தான் ஆஸ்பத்திரி வராந்தாவுல இதே பாட்டைத்தான் பாடிக்கிட்டிருந்தாரு. நர்ஸ் வந்து ‘பொண்ணு பொறந்திருக்கு’ன்னு சொல்லுது. இவரு, ‘அது எப்பவும் வர்றது, விடு’ன்னாரு.”

“நான் போன்ல இருக்கிறவன்கிட்ட சொன்னேன்” என்றார் அத்தான், போனைக் கையால் மூடிக்கொண்டு.

“நர்ஸ் இன்னும் அந்தக் கதையைச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கும். இந்தத் தடவை அந்தப் போன் ஆஸ்பத்திரி வாசப்படி ஏறினா, நான் இறங்கிடுவேன். எந்த நிலைமையில இருந்தாலும் இறங்கிடுவேன்.”

அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு ஓரம் ஈரமாக இருந்தது. அத்தானும் அதைப் பார்த்தார். கவளம் கையிலேயே ஆறியது.

அத்தான் போனில் வரி வரியாகக் கேட்டுக்கொண்டிருந்தது லாக்; அது என்னவென்று இந்த இடத்தில் எழுதிவிடுகிறேன். எங்கள் கம்பெனி பல் மருத்துவர்களுக்காக ஒரு மென்பொருள் செய்கிறது. நோயாளிகள் அதில் நேரம் பதிவு செய்வார்கள். அன்று காலையில் அது அவர்களுக்கு ரிமைண்டர், அதாவது நினைவூட்டும் செய்தி, அனுப்பும். தான் செய்வதையெல்லாம் அந்த மென்பொருள் வரி வரியாக எழுதிக்கொண்டே போகும். இன்னாருக்கு நேரம் கொடுத்தேன், இன்னாருக்கு அனுப்பினேன், அனுப்ப முடியவில்லை, மறுபடி முயல்கிறேன். அதுதான் லாக். நானும் டைரி எழுதுகிறவள் என்பதால் அதன்மேல் எனக்கு ஒரு பரிவு உண்டு. ஆபீசில் என் பெயரே டைரி. ஆனால் என் டைரியை யாரும் படிக்க வேண்டியதில்லை. லாக்கைப் படித்தே ஆக வேண்டும். எது கெட்டுப்போனாலும் காரணம் அதற்குள்தான் எங்கோ இருக்கும். ஒரு காலைப்பொழுதுக்குள் ஆயிரக்கணக்கான வரிகள் சேர்ந்துவிடும். அதைப் பார்த்துப் பலன் சொல்லத் தெரிந்தவர் எங்கள் குழுவில் அத்தான் ஒருவர்தான். அதனால் அவர் பெயர் ஜோசியர்.

போன வருஷம் எங்கள் குழுத் தலைவி, நாங்கள் மேடம் என்று கூப்பிடுகிறவர், லாக் பார்க்க ஒரு கருவி வாங்கித் தந்தார். விமானம் ஓட்டுகிறவர் முன்னால் இருப்பதுபோல அதில் அத்தனை முள்ளும் வட்டமும். அதைத் திறக்கிறவர்கள் எல்லோரும் தவறுதலாகத் திறந்தவர்கள்தான்.

மறுநாள் மேடத்தின் அறைக்குப் போனேன். பேச வேண்டியதை எழுதி மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். உள்ளே போனதும் இரண்டாவது வாக்கியத்திலிருந்து ஆரம்பித்துவிட்டேன்.

“அதனால ஜோசியருக்குப் போன் பண்ண வேண்டியிருக்காது மேடம்.”

“எதனால?”

முதல் வாக்கியத்தைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். எல்லோரும் படிக்கிற மாதிரி ஒரு லாக் கருவியை நான் வடிவமைக்கிறேன். வகுப்புக்கும் ஆகும், ஆபீசுக்கும் ஆகும். அத்தான் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் போன் இல்லாமல் இருக்கலாம்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நல்ல விஷயம்தான். பண்ணு. ஏதாவது கெட்டுப்போனா முதல்ல உன் கருவியைத்தான் பாப்போம். ஆனா அதுல பிடிபடலைன்னா நான் போன் போட்டுடுவேன். தப்பா நினைக்காதம்மா, பல் டாக்டருங்க வாயில என்னால விழ முடியாது.”

அன்றே அமர்ந்தேன். அழகாகச் செய்ய வேண்டும் என்பதே என் எண்ணம். நல்ல செய்தி பச்சை, எச்சரிக்கை மஞ்சள், பிழை சிவப்பு. பிழைகள் எல்லாம் மேலே, மற்றவை கீழே. தேடுவதற்கு அகலமான ஒரு பெட்டி. நான் படம் வரைந்து தர, எங்கள் குழுவில் வேகமாக மென்பொருள் எழுதும் அவசரம் அதைக் கட்டித் தந்தான். அவனுடைய பெயர்க்காரணம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பேசும்போதே வாக்கியத்தின் வாலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவான்.

குழு முழுக்கச் சுவர்த்திரை முன்னால் கூடியது. அவசரம் பட்டனை அழுத்தினான்.

திரை சிவந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு. உருட்டினான், இன்னும் சிவப்பு. பச்சையைத் தேடிப் போனவனுக்குக் கடைசிவரை பச்சை கிடைக்கவில்லை.

“என்னடா இது, ஈறு மாதிரி இருக்கு” என்றார் ஹலோ அக்கா. கிளினிக்குகளிலிருந்து வரும் போன்களை எல்லாம் எடுக்கிறவர் அவர். நாள் முழுக்க ஹலோ சொல்லிச் சொல்லி, வீட்டில் கதவைத் திறக்கும்போதும் ஹலோ சொல்கிறாராம்.

மேடம் முதல் வரியை வாசித்தார். “பிழை: காலை வணக்கம், வேலை தொடங்கியது.” அடுத்தது: “பிழை: எல்லாம் நல்லபடியாக முடிந்தது.” அதற்கடுத்தது: “பிழை: புரியாத தொந்தரவு: பல்லே இல்லை, ஆனால் வலிக்கிறது.”

கடைசியாகச் சொன்னது மட்டும்தான் ஓரளவுக்கு நிஜப் பிழை. பதிவுப் பக்கத்தில் ‘என்ன தொந்தரவு?’ என்று ஒரு பெட்டி உண்டு. பட்டியலில் இல்லாததை யாராவது அதில் எழுதினால் மென்பொருள் குழம்பிப்போய் அப்படியே லாக்கில் எழுதிவைக்கும்.

மற்றதற்கெல்லாம் காரணத்தை அத்தான் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். ஆரம்பத்தில் லாக் பார்க்க இவர்களிடம் இருந்த பழைய திரை, பிழை என்று குறித்ததை மட்டும்தான் காட்டுமாம். தான் எழுதுவது கண்ணில் பட வேண்டுமே என்று ஒருவர் நல்ல செய்தியையும் பிழை என்று குறித்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். பிறகு புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும். அதுவே ஆபீஸ் வழக்கமாகிவிட்டது.

“யார் அந்த முதல் ஆளு?” என்றார் மேடம்.

அத்தான் தலையைச் சொறிவதை நிறுத்தவில்லை. எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டேன். எல்லா வரிகளையும் திருத்தி எழுத மாதக்கணக்கில் ஆகும். குழந்தை அதுவரை காத்திருக்காது.

வீட்டுக்குப் போகும் வழியில், இந்தப் பொருளை எடுத்ததே தப்பு, பூட்டை எடுத்திருக்கலாம் என்று நினைத்தேன். பூட்டு எதற்கும் சிவக்காது.

வகுப்பில் எங்களுக்கு ஒரு விதி சொல்லித் தந்திருக்கிறார்கள்: பயன்படுத்துகிறவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார், வாயைத் திறக்காதே. நான் இந்த விதியைத் தாண்டிப் படம் வரையப் போனவள். ஆகவே முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஆபீசில் அவசரத்துக்குப் பின்னால் ஒரு நாள், ஹலோ அக்காவுக்குப் பின்னால் ஒரு நாள் நாற்காலி போட்டேன்.

“டைரி, மூச்சாவது விடு. முதுகுல ஏதோ பேய் உட்கார்ந்த மாதிரி இருக்கு” என்றான் அவசரம்.

நான் பதில் பேசவில்லை. விதி.

என்னுடைய அகலமான தேடல் பெட்டியில் ஒருவர்கூட ஓர் எழுத்தும் தட்டவில்லை. அவர்கள் செய்தது வேறு. ஒரு சிவப்பு வரியைப் பார்ப்பார்கள். உடனே தலையைத் தூக்கி மூலையைப் பார்த்துக் கத்துவார்கள்.

“ஜோசியரே, ‘மூன்றாவது முயற்சி’ன்னு இருக்கே, இது எப்பவும் வர்றதா?”

“எப்பவும் வர்றதுதான், விடு.”

“ஜோசியரே, ‘நாற்காலி காலி’ன்னா?”

“தினமும் வரும், விடு.”

“ஜோசியரே, இது?”

மூலையில் நாற்காலி தள்ளப்படும் சத்தம். “இரு, வர்றேன். இதை நான் பாத்ததில்ல.”

நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினேன். நாள் முழுக்க அவரிடம் அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். எது பிழை என்று யாரும் கேட்கவில்லை. எது புதுசு என்றுதான் கேட்டார்கள். சிவப்பு எல்லா நாளும் சிவப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நேற்றும் முந்தாநாளும் வந்த வரியை ஒதுக்கிவிட்டு, இதுவரை வராத வரியை மட்டும் காட்டினால் போதும்.

வீட்டில் சொன்னேன். அத்தான் முகம் கொஞ்சம் சுருங்கியது.

“அவ்வளவுதானா என் ஜோசியம்?”

“இன்னும் ஏதாவது இருந்தா சொல்லுங்க அத்தான், அதையும் சேர்த்துடலாம்.”

அவர் யோசித்தார். “சில நாள் புதுசா எதுவும் வந்திருக்காது. ஆனா ஏதோ உறுத்தும். பாத்தா, தினமும் வர்ற ஒண்ணு வந்திருக்காது.”

“சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்காரர் மாதிரி” என்றாள் அக்கா சமையலறையிலிருந்து.

ஆக, மூன்று கட்டங்கள். முதல் கட்டத்துக்கு ‘முன்நிகழ்வற்ற பதிவுகள்’ என்று தலைப்புக் கொடுத்து, மிகவும் பெருமையாக ஹலோ அக்காவிடம் காட்டினேன்.

“இதை நான் போன்ல சொன்னா டாக்டர் எனக்கே ஊசி போட்டுடுவாரு. மனுஷங்க பேசுற மாதிரி எழுதும்மா.”

அதனால் அவர்கள் கத்திக் கேட்ட வார்த்தைகளையே தலைப்பாக வைத்தேன். ‘புதுசா வந்தது.’ ‘வரவேண்டியது, வரல.’ ‘எப்பவும் வர்றது.’ புதிதாக வந்த வரியைப் பார்த்து, அதனால் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால், பக்கத்திலேயே ‘எப்பவும் வர்றது’ என்று ஒரு பட்டன். அழுத்தினால் வரி கீழ்க் கட்டத்துக்குப் போய்விடும். ஹலோ அக்கா ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார்: “புரியாத தொந்தரவுன்னு வர்றதை மட்டும் மொத்தமா ஒதுக்கிடாதே. ஒவ்வொண்ணா மேல காட்டு. அவங்க என் ஆளுங்க, நான் கூப்பிட்டுப் பேசணும்.” சேர்த்துக்கொண்டேன். என் பங்குக்கு ஒரு விதி வைத்தேன்: சாயங்காலம் கிளம்புமுன் ‘புதுசா வந்தது’ கட்டம் காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குப்பை சேர்ந்து மறுபடி ஜோசியரைக் கூப்பிட வேண்டிவரும். எல்லோரும் முனகினார்கள், ஆனால் செய்தார்கள்.

சில நாட்கள் சிறு சிறு விஷயங்களுக்கு அது உதவியது. ஆனால் அத்தான் மூலையில் உட்கார்ந்திருந்தார். அவர் இருக்கும்போது உதவுவது ஒரு சோதனையே இல்லை என்று எனக்குத் தெரியும்.

அக்காவுக்குப் பிரசவ வலி, டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. காலைக் காப்பி வேளை. பிரசவத்துக்காக ஊரிலிருந்து வந்திருந்த எங்கள் அம்மா குட்டிப்பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டார். அத்தான் செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு வண்டியைக் கூப்பிட ஓடினார். அக்கா வாசலில் நின்று கையை நீட்டினாள். அத்தான் பேசாமல் தன் போனை அந்தக் கையில் வைத்தார். அவள் அதை அணைத்து என்னிடம் கொடுத்தாள்.

“நீ ஆபீஸ் போ.”

“நானும் வர்றேன்க்கா.”

“நீ வந்து என்ன பண்ணப் போற? அங்க போய் உன் பொட்டியைப் பாத்துக்கோ. போன் வராம இருந்தா அதுவே எனக்குப் பெரிய உதவி.” பிறகு அத்தானிடம் திரும்பினாள். “ஆபீசுக்கு ஒரு போன் பண்ணக் கூடாது. சத்தியம்?”

“போன் பண்ண மாட்டேன். சத்தியம்.”

நான் ஆபீஸ் போய்ச் சேரும்போதே ஹலோ அக்காவின் மேஜையில் எல்லா விளக்குகளும் சிமிட்டின. கிளினிக்குகளில் நாற்காலிகள் காலி; நேரம் பதிவு செய்தவர்கள் யாரும் வரவில்லை. டாக்டர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். மேடம் அறையைவிட்டு வெளியே வந்தார். ஒரு கையில் போன். அத்தானின் போன் அணைந்திருந்தாலும், அக்காவின் எண் அவரிடம் இருந்தது.

அவசரம் கருவியைத் திறந்தான். நான் பழக்கத்தில் அவனுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. விடை நடுக் கட்டத்தில் இருந்தது. ஆனால் அவன் ‘புதுசா வந்தது’ கட்டத்தின் முதல் வரியைப் பிடித்துக்கொண்டான்: ஏதோ ஒரு கிளினிக்கில் பிரிண்டர் மாற்றியிருந்தார்கள். “இதுதான், இதேதான்” என்று அதற்குள் இறங்கினான். பிரிண்டருக்கும் காலி நாற்காலிக்கும் என்ன சம்பந்தம்? ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

அப்போதுதான் பயந்தேன். இன்று நான் சொன்னால், நாளை என்னைத்தான் கேட்பார்கள். ஜோசியர் போய் ஜோசியரின் கொழுந்தியாள் வந்தாள் என்று ஆகும். கருவி ஜெயிக்காது. அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தால் மறுபடி போன் அத்தானுக்குத்தான் போகும். நான் நாக்கைப் பல்லுக்கடியில் வைத்துக்கொண்டேன். பிரிண்டர் விஷயம் நீண்டது. மேடம் எண்ணைத் தேட ஆரம்பித்தார். அவருடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வடிவமைப்பில் நடுக் கட்டம் கொஞ்சம் சிறிதோ? தலைப்பு எழுத்து மெலிதோ? கண்ணில் படாததை ஏன் நடுவில் வைத்தேன்?

ஹலோ அக்கா காதில் ஹெட்செட்டோடு எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் டாக்டர் கத்துவது எங்களுக்கே கேட்டது.

“டேய் அவசரம், பிரிண்டரை விடுடா. அந்த நடுக் கட்டத்தைப் பாரு. ‘வரவேண்டியது, வரல: காலை ரிமைண்டர் போயாச்சு.’ தினமும் வருமாம், இன்னிக்கு வரலையாம். டாக்டர் அதையேதான்டா கத்துறாரு, யாருக்கும் ரிமைண்டர் வரலைன்னு.”

அவசரம் அந்த வரியை அழுத்தினான். அந்த நேரத்தை ஒட்டி வந்த வரிகள் விரிந்தன. அவற்றில் ஒன்று புதுசு: செய்தி அனுப்பும் கம்பெனியோடு எங்கள் மென்பொருள் பேசுவதற்கான அனுமதிக் காலம் முடிந்துவிட்டது.

“அட, இதைப் புதுப்பிச்சா...” என்றான். வாக்கியத்தை முடிக்கவில்லை, அதற்குள் புதுப்பித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் நடுக் கட்டம் காலியானது. ஹலோ அக்காவின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மேடம் போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

“டைரி, ஏன் அப்படி உட்கார்ந்திருக்க?”

வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கில் பல் பதிந்திருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது ‘புதுசா வந்தது’ கட்டத்தில் ஒரு வரி வந்து உட்கார்ந்தது. ஹலோ அக்கா உரக்க வாசித்தார்.

“பிழை: புரியாத தொந்தரவு: பெண் குழந்தை. பல் இன்னும் முளைக்கவில்லை. இருவரும் நலம். பக்கத்திலேயே இருந்தேன்.”

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஹலோ அக்கா போட்ட கூச்சலில் கீழ்த் தளத்திலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். மேடம் என்னைக் கட்டிக்கொண்டார். அவருடைய கண்ணாடி என் காதில் மாட்டிக்கொண்டது.

அவசரத்தின் கை பழக்கத்தில் பக்கத்துப் பட்டனுக்குப் போனது. அந்தப் பட்டனில் என்ன எழுதியிருக்கிறது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தோம்.

“கையை எடுடா!” என்றார் ஹலோ அக்கா. “ஜோசியர் வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சா உன்னைத் தொலைச்சுடுவாங்க.”

சாயங்காலம் கிளம்பும்போது மற்ற வரிகளை எல்லாம் பார்த்து ஒதுக்கினேன். அந்த ஒரு வரியை விட்டுவிட்டேன். என் விதியை நானே மீறுவது இதுதான் முதல்முறை. கட்டம் காலியாக இல்லாததைப் பார்த்தும் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை.

வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அத்தான் குழந்தையை, உடைந்துவிடும் பொருளைச் சோதிக்கிறவர் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா களைத்திருந்தாள், ஆனால் முகம் தெளிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினாள்.

“உனக்கு யாருடி சொன்னா? அம்மாகூட இன்னும் யாருக்கும் சொல்லலையே.”

“லாக்ல வந்துச்சுக்கா.”

அக்கா மெதுவாக அத்தான் பக்கம் திரும்பினாள். அத்தான் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன் போன்லேருந்து ஒரு பல் டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் கேட்டேன், அவ்வளவுதான். போன் பண்ணவே இல்ல.”

“எப்போ?”

“நீ தூங்கினப்புறம். அதுவரைக்கும் உன் கையை விட்டேனா? நர்ஸைக் கேளு.”

அதே நர்ஸ்தான், கட்டிலடியில் மாட்டியிருந்த குறிப்பு அட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். “இந்தத் தடவை ஐயா என்கிட்ட ஒழுங்காத்தான் பேசினாரு” என்றார். “‘பொண்ணு’ன்னேன். அழுதுட்டாரு.”

அக்கா கையை நீட்டினாள். அத்தான் அவசரமாக அவளுடைய போனை எடுத்து நீட்டினார்.

“அது இல்ல” என்றாள் அக்கா. “குழந்தையைக் குடுங்க.”